விதையா, நாற்றா, சுருளா? முதலில் நிழலை அளந்து பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பழைய வீட்டின் மேல் மாடி எடுத்துக் கட்டி முடித்திருக்கிறோம். கட்டட வேலையில் முற்றம் முழுக்க நாசமாகிவிட்டது. முன்பக்கம் தெருவை நோக்கிச் சரியும் 30 சதுர மீட்டர், நல்ல வெயில். பின்பக்கம், அதாவது வீட்டுக்குத் தெற்கே, 50 சதுர மீட்டர். ஒரு மாமரமும் வேலியோரம் ஒரு கறிவேப்பிலை மரமும் உண்டு. அங்கங்கே பழைய கிக்குயூ புல் மிச்சம் இருக்கிறது. விதை தூவினால் போதும், மலிவு என்கிறார் என் கணவர். அருகம்புல்தான் வேண்டும் என்கிறார் மாமியார். தோட்ட வேலைக்கு வருபவரோ, வளர்ந்த புல்லை மண்ணோடு சுருட்டி விற்கும் ரோல் புல்லை வாங்கி விரித்துவிடலாம் என்கிறார். தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள் வருவார்கள், பந்தலும் போடுவோம். இப்போது ஆகஸ்ட் பிறந்துவிட்டது. எந்த வழி சரி?

பதில்:

அம்மா, உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று வழி சொல்கிறார்கள். மூவருமே எப்படிப் போடுவது என்பதில் நிற்கிறார்கள். எந்தப் புல் அங்கே பிழைக்கும் என்பது அதற்கு முந்தைய கேள்வி. அதை முடிவு செய்துவிட்டால் மூன்று வழிகளில் ஒன்றாவது தானே உதிர்ந்துவிடும்.

தமிழ்நாட்டுத் தோட்டப் புத்தகங்களைப் படித்துவிட்டு இங்கே செடி வைப்பவர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நம் டர்பனில் நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுக்க வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆகவே வீட்டின் நிழல் தெற்கே விழும், உங்கள் பின்முற்றத்தின் மேல். ஜூன் மாதம் டர்பனில் நண்பகல் சூரியன் சுமார் 37 பாகை உயரத்தில்தான் இருக்கும். 3 மீட்டர் உயரச் சுவருக்கு 4 மீட்டர் நிழல். நீங்கள் மாடி எடுத்ததால் உயரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நிழல் 8 மீட்டர். பின்முற்றம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் அதே நிழல் மூன்றரை மீட்டராகச் சுருங்கும். டிசம்பரில் சுவரை ஒட்டி முக்கால் மீட்டர்கூட இராது. பழைய ஒற்றை மாடி வீட்டில் பின்பக்கம் கிக்குயூ நன்றாக வளர்ந்திருக்கலாம். இனி அது வளராது. புல்லின் மேல் குற்றம் இல்லை, வீடு உயர்ந்துவிட்டது.

மாமரத்தின் நிழலைத் தனியே பாருங்கள். வெயில் அடிக்கும் ஒரு நாளில் காலை 8 மணி, 10, 12, பிற்பகல் 2, 4 என ஐந்து முறை பின்பக்கம் போய், நிழல் எது வரை விழுகிறது என்று குச்சி நட்டு வையுங்கள். ஒரு நாள் வேலைதான். ஐந்து முறையும் மர நிழலாகவே இருக்கிற இடத்தில் எந்தப் புல்லும் வேண்டாம்.

இனி புல். டர்பன் இருக்கும் நேட்டால் கடற்கரையில் வீட்டுத் தரைக்கு நடைமுறையில் நான்கைந்து இனங்கள்தான் உண்டு.

கிக்குயூ கென்ய மலைநாட்டிலிருந்து வந்தது. குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் கேட்கும். வெயில் கிடைத்தால் அதைப்போல முரடும் இல்லை. பந்து விளையாட்டு, நாய் எல்லாவற்றையும் தாங்கும். கோடையில் வாரம் ஒரு முறை வெட்டாவிட்டால் கணுக்கால் வரை வந்துவிடும். பாத்திக்குள் நுழையும், பக்கத்து வீட்டுக்கும் போகும்.

எல்.எம். புல்லைப் பெரீயா புல் என்றும் சொல்வார்கள். இப்போது மபூட்டோ எனப்படும் பழைய லொரென்சோ மார்க்கஸ் நகரத்தின் பெயர்ச் சுருக்கம் அது. இந்தக் கடற்கரை மண்ணுக்கே உரிய புல். அகன்ற மென்மையான இலை. நிழலைத் தாங்குவதில் இங்கே இதற்கு நிகர் இல்லை. உறைபனிதான் இதற்கு ஆகாது. சாட்ஸ்வொர்த்தில் அந்தக் கவலை வேண்டாம். குறை ஒன்று: மிதிபட்டால் கிக்குயூவைப்போல் வேகமாக மீளாது. ஒரே தடத்தில் தினமும் நடந்தால் அங்கே மண் தெரியும். அந்தத் தடத்தில் கல் பதித்துவிடுவதே வழி.

கடலுக்கு மிக அருகில், உப்புக் காற்றில் இருப்பவர்களுக்குக் கரையோர பஃபலோ புல் பொருந்தும். உங்களுக்குத் தேவை இல்லை. "எவர்கிரீன்" என்று பெட்டியில் போட்டு விற்கும் குளிர்நாட்டு விதைக் கலவையைத் தொடவே வேண்டாம். முளைத்து ஒரு மாதம் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஜனவரிப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்து வட்டம் வட்டமாகக் கருகும்.

மாமியார் சொல்லும் அருகம்புல்லைத்தான் இங்கே க்வீக் என்கிறார்கள். நம் பிள்ளையாருக்கு 21 இணுக்கு எடுத்து வைக்கும் அதே புல். முழு வெயிலில், தாழ வெட்டி வைத்தால் அழகான தரை. ஆனால் நாளுக்கு ஆறேழு மணி நேரத்துக்குக் குறையாத வெயில் வேண்டும். மாமர நிழலில் ஒரே ஆண்டில் நூலாகிவிடும். அதன் கிழங்குத் தண்டு மண்ணுக்கு அடியிலும் ஓடுவதால், பிறகு வேண்டாம் என்று நினைத்தாலும் போகாது. 40 செ.மீ. அகலமுள்ள ஒரு தொட்டியில் நட்டு, முன்வாசல் வெயிலில் வைத்துக் கொடுங்கள். சதுர்த்திக்குப் பறிக்கவும் கைக்கெட்டும், நாய் மிதிக்காத சுத்தமும் இருக்கும்.

ஆகவே உங்களுக்கு எல்.எம். புல், முன்னும் பின்னும் ஒன்றே. முன்பக்கத்து வெயிலில் கிக்குயூவும் வரும்தான். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு இனம் வைத்தால் கிக்குயூ வீட்டைச் சுற்றி வந்து மற்றதைத் தின்னும்.

இங்கேதான் விதை உதிர்கிறது. எல்.எம். பெரும்பாலும் ஓடுதண்டாலும் நாற்றாலும்தான் பரப்பப்படுகிறது. நிழலுக்கு என்று எழுதி விற்கும் விதைப் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் வேறு இனமாக இருக்கும். உங்கள் கணவர் சொல்வது மட்டமான, பரந்த, முழு வெயில் இடமாக இருந்தால் நூற்றுக்கு நூறு சரி. 1 கிலோ கிக்குயூ விதை 50 முதல் 100 சதுர மீட்டர் வரை போதும். மண் சூடானதும் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். ஆனால் சரிவில் விதை தூவிய மூன்றாம் நாள் ஒரு வசந்தகால இடிமழை வந்தால் விதை முழுவதும் கீழே தெருவோரச் சாக்கடையில் முளைக்கும். டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வெறும் மண் சரிவுகள் என்ன பாடுபட்டன என்பதை உங்கள் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

முன் சரிவுக்கு ரோல் புல். உங்கள் தோட்டக்காரர் பாதி சரி. பின்பக்கத்துக்கும் அதையே விரிப்பது பணத்தை மண்ணில் போடுவது. அங்கே மண் ஓடாது, அவசரமும் இல்லை, நாற்று போதும். அந்த நாற்றைத் தனியே வாங்கவும் வேண்டாம். ரோல் புல்லையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள்.

கணக்கு இது. பின்பக்கத்து 50 சதுர மீட்டரில், மாமரத்தின் அடியிலிருந்து ஒன்றரை மீட்டர் வட்டத்தை விட்டுவிடுங்கள். சுமார் 7 சதுர மீட்டர் கழிந்தது. சுவரை ஒட்டி 1 மீட்டர் அகலத்துக்குக் கல்லோ ஜல்லியோ போட்டுவிடுங்கள். 8 மீட்டர் நீளச் சுவர் என்றால் இன்னொரு 8. மிச்சம் 35. நாற்றுக்கு நாற்று 15 செ.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 44, மொத்தம் 1540 நாற்று. கடையில் 200 குழித் தட்டாக வாங்கினால் எட்டுத் தட்டு. ஆனால் 1 சதுர மீட்டர் ரோல் புல்லை 5 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 400 துண்டு கிடைக்கும். 4 சதுர மீட்டர் வாங்கினால் பின்பக்கம் முழுவதும் முடிந்தது. முன்பக்கம் 30, வளைவிலும் ஓரத்திலும் வெட்டி வீணாவதற்கு ஒன்றரை, நாற்றுக்கு 4. மொத்தம் 36 சதுர மீட்டர் கேளுங்கள். நாற்றுத் தட்டு விலையையும் நாலு சதுர மீட்டர் புல் விலையையும் உங்கள் நர்சரியில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இதைவிடச் சிக்கனம் வேண்டுமானால், எல்.எம். வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு ஓடுதண்டு வாங்கி வரலாம். ஒரு சதுர மீட்டரில் பிடுங்கிய தண்டு எட்டுப் பத்துச் சதுர மீட்டருக்கு வரும். 15 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்குமாறு நறுக்கி, சால் கீறி, நுனி மட்டும் வெளியே தெரியப் புதைக்க வேண்டும். ஆனால் அவர்கள் வீட்டுக் கோரையும் சேர்ந்து வந்துவிடும், பார்த்து எடுங்கள்.

கோரை என்றதும் நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. இந்த வேலையில் ஆகப்பெரிய தப்பு, லாரியில் "நல்ல கருமண்" வாங்கிக் கொட்டுவது. அதில் கோரைக்கிழங்கு ஒரு கைப்பிடி இருந்தால் போதும், பத்து ஆண்டுக்கு உங்களுக்கு வேலை. தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், முக்கோணமாகத் தட்டுப்பட்டால் அது புல் இல்லை, கோரை. கையால் இழுத்தால் மேலே இருப்பது அறுந்து வரும், கிழங்கு அடியில் நின்று இரண்டாகக் கிளைக்கும். மண் வாங்கியே ஆக வேண்டும் என்றால், வாங்கும் இடத்திலிருந்து ஒரு வாளி மண் எடுத்து வந்து தட்டில் பரப்பி, தண்ணீர் விட்டு வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். என்ன முளைக்கிறது என்று பார்த்த பிறகு லோடு சொல்லுங்கள். உங்களுக்கு மண்ணே வேண்டியிராது என்றுதான் நினைக்கிறேன். மட்கு உரம் போதும்.

இப்போதிருந்து செய்ய வேண்டியவை. இந்த வாரம் கட்டடக் குப்பையைப் பொறுக்குங்கள். கல், செங்கல் துண்டு, கம்பி எல்லாம் சரி. முக்கியமாகக் கலவை கலந்த இடம். அங்கே சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணோடு இறுகிக் கிடக்கும். அதன் மேல் போட்ட புல் சத்து கிடைக்காமல் மஞ்சளாகவே நிற்கும், எவ்வளவு உரம் போட்டாலும் பச்சை ஏறாது. அந்த இடத்தை மட்டும் 15 செ.மீ. ஆழம் தோண்டி எறிந்துவிட்டு வேறு மண் நிரப்புங்கள். சுண்ணாம்பு போடச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால், மண்ணின் அமிலக் காரத்தன்மையைப் பார்க்காமல் போடாதீர்கள். கட்டட வேலை நடந்த மண்ணில் அது ஏற்கெனவே கூடுதலாக இருக்கலாம்.

அடுத்தது பழைய கிக்குயூ. முற்றத்துக்குத் தண்ணீர் விட்டு, இருக்கிற களையெல்லாம் துளிர்க்கவிடுங்கள். நன்றாகப் பச்சை கட்டியதும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தைப் புட்டியில் எழுதிய அளவில், காற்றில்லாத காலை வேளையில் தெளியுங்கள். வாடிக் காய்ந்து கிடக்கும் புல்லில் தெளித்தால் மருந்து உள்ளே இறங்காது, காசு தண்டம். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். மீண்டும் துளிர்த்தவற்றுக்கு இன்னொரு முறை. கறிவேப்பிலையைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் தெளிக்கவே வேண்டாம். வேரிலிருந்து கிளம்பிய கன்றுகளின் இலையில் பட்டால் தாய் மரத்துக்கும் போய்ச் சேரும். மருந்தே வேண்டாம் என்றால் மண் கிளறும் முள்கரண்டியால் கிளறிக் கையால் பொறுக்கலாம். 80 சதுர மீட்டருக்கு அது நாலைந்து நாள் வேலை, விட்டுப்போன ஒவ்வொரு கணுவும் திரும்ப முளைக்கும்.

செப்டம்பர் முதல் வாரம் மண்ணைக் கிளறுங்கள். கட்டடக்காரர்களின் வண்டி ஏறி இறங்கிய மண் கல்போல் இறுகியிருக்கும். 15 முதல் 20 செ.மீ. ஆழம், ஈரம் இருக்க வேண்டும், சேறாக இருக்கக்கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். தண்ணீர் இறங்குகிறதா என்று சந்தேகம் இருந்தால் 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, ஒரு முறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டரை செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் அடியில் இறுகிய பாளம் இருக்கிறது, இன்னும் ஆழம் போக வேண்டும்.

மாமரத்தின் வேர்ப் பகுதியில் கிளறாதீர்கள். மேலே இரண்டு செ.மீ. மட்கு பரப்புவதோடு சரி. கறிவேப்பிலைப் பக்கம் மண்வெட்டி போனால் நிலைமை வேறு: அறுபட்ட ஒவ்வொரு வேரிலிருந்தும் ஒரு கன்று கிளம்பும். அடுத்த கோடையில் புல்தரை நடுவே கறிவேப்பிலைக் காடு. சாம்பாருக்கு நல்லது, புல் வெட்டும் மெஷினுக்கு இல்லை.

மட்கு 3 செ.மீ. கனம் பரப்பிக் கலக்க வேண்டும். முன்னும் பின்னும் சேர்ந்த 65 சதுர மீட்டருக்கு இரண்டு கன மீட்டர், அதாவது பக்கி எனும் சிறு சரக்கு வண்டியில் இரண்டு லோடு. மூட்டையாக வாங்கினால் 30 லிட்டர் மூட்டை 65 அல்லது 67. ஏறக்குறைய நிச்சயம் லோடுதான் மலிவு. கை வைத்தால் சூடாக இருக்கும் மட்கை வாங்காதீர்கள், அது இன்னும் வேகவில்லை, வேரைச் சுடும். மட்கோடு 2:3:2 (22) உரம் சதுர மீட்டருக்கு 60 கிராம், மொத்தம் 4 கிலோ. அந்த எண்களுக்குப் பொருள் இது: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து 2:3:2 விகிதத்தில், மூட்டையில் 22 சதவீதம் சத்து. நடும்போது வேருக்கு மணிச்சத்து வேண்டும் என்பதால்தான் நடு எண் பெரிதாக உள்ள உரம்.

மட்டம் எடுக்கும்போது கொத்தனார் சொல்லும் வாட்டத்தை மறக்காதீர்கள். சுவரிலிருந்து வெளியே, மீட்டருக்கு ஒன்றிரண்டு செ.மீ. சரிவு. சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே மண் நிற்க வேண்டும். சுவரடிக் காற்றுத் துளைகளை மூடிவிடக் கூடாது. பாதை ஓரத்தில் மண் மட்டம் பாதையைவிட இரண்டு மூன்று செ.மீ. தாழ இருந்தால், புல் விரித்த பிறகு இரண்டும் சமமாகும். பிறகு குதிகாலால் மிதித்து மிதித்து நடந்து, வாரியால் இழுத்து, மறுபடி மிதியுங்கள். காலடி ஒரு செ.மீ.க்கு மேல் பதியக்கூடாது. இந்த மிதியைச் சோம்பலில் விட்டவர்களின் தரைதான் ஆறு மாதத்தில் குண்டும் குழியுமாக இருக்கும்.

முன் சரிவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 3 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டருக்கு மேல் இறங்கினால் அங்கே புல்லே வேண்டாம். வெட்டும் மெஷினோடு ஆள் வழுக்கும். இரண்டு படியாகக் கட்டுங்கள், அல்லது தரையில் படரும் செடி போடுங்கள். அதைவிடக் குறைவு என்றால் தொடரலாம்.

ரோல் புல் வரும் நாளைச் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குச் சொல்லுங்கள். மண் தயாராகாமல் வரச் சொல்லாதீர்கள். சுருட்டி அடுக்கிய புல் உள்ளுக்குள் சூடேறும், இரண்டாம் நாள் பிரித்தால் நடுப்பகுதி மஞ்சளாக இருக்கும். காலையில் வந்ததை அன்று மாலைக்குள் விரித்துவிட வேண்டும். வண்டியிலிருந்து இறக்கும் முன் ஒரு சுருளைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை வேர் தெரிய வேண்டும், கையில் தூக்கினால் துண்டாக உடையக்கூடாது, கோரை இருக்கக்கூடாது.

சரிவின் அடியிலிருந்து தொடங்கி, சரிவுக்குக் குறுக்காக விரியுங்கள். மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டால் மூட்டு வழியே தண்ணீர் வாய்க்கால் வெட்டும். செங்கல் வரிசைபோல் மூட்டுகள் மாறி மாறி வரட்டும். இழுத்து விரிக்காதீர்கள், நெருக்கி ஒட்டுங்கள். இழுத்த புல் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். ஒவ்வொரு துண்டுக்கும் மேல் ஓரத்தில் இறைச்சி கோத்துச் சுடும் சொசாட்டி குச்சி இரண்டு குத்தினால் நழுவாது. வேர் பிடித்த பிறகு, முதல் வெட்டுக்கு முன்னால், எல்லாவற்றையும் எண்ணி உருவிவிடுங்கள். மூட்டுகளில் மணலோ மட்கோ அடைத்து, பலகை போட்டு மேலே மிதித்துப் பதியவையுங்கள். அடியில் காற்று இருந்தால் அந்த இடம் மட்டும் காயும்.

முடித்துவிட்டுத் தண்ணீர் விடலாம் என்று காத்திருக்காதீர்கள். ஐந்தாறு துண்டு விரித்ததும் அதற்கு நீர். முதல் நாள் சதுர மீட்டருக்கு 12 லிட்டர், ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடி மண் நனைந்திருக்க வேண்டும். பிறகு இரண்டு வாரம் நாளொன்றுக்கு 5 லிட்டர், காலையும் மாலையும் பிரித்து. சரிவில் ஒரேயடியாக விட்டால் ஓடிவிடும். ஐந்து நிமிடம் விட்டு, பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி. முன்னும் பின்னும் சேர்த்து நாளுக்கு 325 லிட்டர் ஆகும். நம் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் சொல்லாமல் நிற்பது புதிதல்ல. 2500 லிட்டர் ஜோஜோ தொட்டி நிறைந்திருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். தொட்டி இல்லை, தண்ணீரும் நிச்சயமில்லை என்றால் அக்டோபர் மழை பிடித்த பிறகு போடுவதே புத்திசாலித்தனம், தீபாவளி போனாலும் சரி.

பத்துப் பதினான்கு நாளில் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வர மறுத்தால் வேர் இறங்கிவிட்டது. அன்று முதல் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு முறை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஆழமாக. ஓரங்கள் மட்டும் பழுத்தால் மூட்டில் இடைவெளி. ஒரு முழுத் துண்டு பழுத்தால் அது வண்டியிலேயே சூடேறியது, பத்து நாள் பொறுத்தால் பெரும்பாலும் துளிர்க்கும். அடியில் பிசுபிசுப்பும் நாற்றமும் இருந்தால் தண்ணீர் அதிகம்.

அதே நாளில் நாற்றுத் துண்டுகளையும் வெட்டிவிடுங்கள். கூர்மையான பழைய ரொட்டிக் கத்தி போதும். வெட்டியவற்றை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்து, சிறிது சிறிதாக எடுங்கள். ஒரு வரிசைக்கு அடுத்த வரிசையின் நாற்று இடைவெளிக்கு நேராக வரட்டும், முக்கோண நடவு. இலையின் அடிப்பகுதி மண் மட்டத்தில் நிற்க வேண்டும். மேடாக நின்றால் காயும், பள்ளத்தில் போனால் அழுகும். இரண்டு பேர் என்றால் 1540 நாற்றுக்கு ஒரு முழு நாள். மறுநாள் காலையில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். புழு தேடும் ஹாடீடா பறவைகளும், சும்மா இருக்க முடியாத குரங்குகளும் சிலவற்றைக் கிளப்பிப் போட்டிருக்கலாம். திரும்ப அழுத்தினால் போதும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை பின்பக்கம் உங்களுக்குப் பொறுமைச் சோதனை. நாற்று உட்கார்ந்தே இருப்பதுபோல் தெரியும், களை மட்டும் ஓடும். இந்த நாலு வாரக் களையெடுப்பைத் தவறவிட்டவர்கள்தான் "நாற்று முறை சரியில்லை" என்பார்கள். கோரை தலைகாட்டினால் பிடுங்காமல், புல் நன்கு வேர்விட்ட பிறகு ஹாலோசல்ஃப்யூரான் உள்ள மருந்தை லேபிளில் எல்.எம். புல்லுக்கு ஆகும் என்று இருக்கிறதா பார்த்துத் தெளியுங்கள். ஓடுதண்டு நீளத் தொடங்கியதும் அரை செ.மீ. மணல் தூவினால் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். ஐந்தாறு வாரத்தில் எல்.ஏ.என். (28) என்ற தழைச்சத்து உரம் சதுர மீட்டருக்கு 20 கிராம், மொத்தம் 1.3 கிலோ. இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டினால் புள்ளி புள்ளியாகச் சுடும். 7 செ.மீ. உயர்ந்ததும் முதல் வெட்டு, 5 செ.மீ.க்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் எடுக்காதீர்கள். பின்பக்க நிழலில் 5 செ.மீ. உயரத்தையே வைத்திருங்கள், இலைதான் வெயிலைப் பிடிக்கும். முன்பக்கம் 4 வரை இறங்கலாம்.

15 செ.மீ. இடைவெளியில் நட்டால் வெயில் காலத்தில் சுமார் எட்டு வாரத்தில் மூடும், மரத்தடியில் இன்னும் தாமதம். ஆகத் தீபாவளிக்கு முன்பக்கம் பச்சையாக, வேர் பிடித்து இருக்கும். விளக்கு வைக்கலாம், ஆட்கள் நடக்கலாம். பின்பக்கம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அங்கே பந்தலும் நாற்காலியும் இந்த ஆண்டு வேண்டாம். பந்தலைக் கார் நிற்கும் சிமெண்டுத் தரையில் போடுங்கள்; மத்தாப்பும் அந்தத் தரையிலேயே, ஆனால் பந்தலை விட்டு விலகி, எரிந்து விழும் கம்பி புல்லில் கருவட்டம் போடும். அடுத்த ஆண்டு பின்பக்கம் பந்தல் போட்டால், தரையில் பிளாஸ்டிக் விரிப்பை ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள். அடுப்பும் பெரிய பானையும் புல்லின் மேல் வேண்டாம், சிமெண்டுத் தரையில், சுவரையும் மாடி ஜன்னலையும் பந்தலையும் விட்டுத் தள்ளி இருக்கட்டும்.